தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: பீட்ரூட் கட்லெட்டும் அப்பாவோட கட்சிக் கணக்கும்

திருவனந்தபுரம் ரயில்வே ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம், கேஎஸ்ஆர்டிசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல செங்கல் கலர்ல உருண்டையா ஒரு கட்டடம் நிக்கும், புதுசா பாக்குறவங்க தண்ணி டேங்க்னு நெனச்சிட்டுப் போயிருவாங்க, அதான் கடை. நாங்க போனது 2024 ஜூன்ல, பார்லிமென்ட் எலெக்‌ஷன் ரிசல்ட் வந்து ஒரு வாரம் கூட ஆகல. அப்பாக்கு கண்ணு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரின்னாலே திருவனந்தபுரம்தான், சென்னை எங்களுக்கு ஒரு ராத்திரி தூரம்.

அப்பா கவர்மென்ட் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சர்வீஸ்ல பாதிக்கு மேல நாகர்கோவில் டு திருவனந்தபுரம் ரூட்டுதான். காலைல மொத ட்ரிப் தம்பானூர் வந்து சேந்து அடுத்த ட்ரிப் எடுக்கிறதுக்கு நடுவுல கிடைக்கிற கொஞ்ச நேரத்துல அவரு காபி குடிச்ச எடம் இது. சின்ன வயசுல நான் இந்தக் கடைய நேர்ல பாக்குறதுக்கு முன்னாடியே இங்க உள்ள கட்லெட்ட பாத்துட்டேன், பேப்பர்ல பொதிஞ்சு காக்கி பேக்குல வச்சு வீட்டுக்குக் கொண்டு வருவாரு, ஆறிப் போயிருக்கும், இருந்தாலும் நானும் தம்பியும் சண்டை போட்டுச் சாப்பிடுவோம்.

கட்டடத்தப் பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணுல படுறது அதுதான். லாரி பேக்கர் கட்டினது. இங்கிலாந்துல பொறந்து கேரளாவுல வந்து தங்கி, 2007ல இறந்து போற வரைக்கும் குறைஞ்ச செலவுல வீடு கட்டுறது எப்படின்னு காட்டிட்டே இருந்த மனுஷன். உள்ள மாடின்னு தனித்தனியா எதுவும் கிடையாது, தரையே சுருள் மாதிரி சுத்திச் சுத்தி மேல ஏறிப் போகும், வெளிச் சுவர ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோட சேத்தே கட்டி வச்சிருக்காங்க. தரை சரிஞ்சிட்டே போகுது, ஆனா மேசை மட்டம், தட்டு வழுக்காது. செங்கல விட்டு விட்டு அடுக்கி சுவர் பூரா சின்னச் சின்ன ஓட்டை, அது வழியா காத்தும் வெளிச்சமும் வரும், பகல்ல லைட்டே தேவைப்படாது. நாங்க போனப்ப நல்ல மழை, அந்த ஓட்டை வழியா ரோட்டுல குடை பிடிச்சிட்டுப் போறவங்களயும் ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோ நிக்குறதயும் துண்டு துண்டா பாத்துட்டே உக்காந்திருந்தேன். முட்டுவலி உள்ளவங்க கீழ வட்டத்துலயே எடம் பிடிச்சிருங்க. அப்பா கேக்கல, "ரெண்டாவது சுத்துல தான் மக்ளே நான் எப்பவும் உக்காருவேன்"ன்னு சுவரப் பிடிச்சிட்டு ஏறிட்டாரு.

பேக்கர் பேரு சொன்னதும் இன்னொன்னும் சேத்துச் சொல்லணும். 1985ல திருச்சூர்ல காஸ்ட்ஃபோர்டுன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, ஏழைங்களுக்கு கட்டுபடியாகுற மாதிரி வீடு கட்டுறதுக்கு. அத ஆரம்பிச்சதுல பேக்கர் கூட பொருளாதார நிபுணர் கே.என். ராஜும், அதுக்கு முன்னாடி கேரளாவுக்கு முதலமைச்சரா இருந்த சிபிஐ (இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி) தலைவர் அச்சுத மேனனும் இருந்தாங்க. பதவிய விட்டு வந்த ஒரு முதலமைச்சர் செங்கலு சுண்ணாம்பு பத்திப் பேச உக்காந்திருக்காரு பாருங்க, அந்தக் காலத்து இடதுசாரிங்கள பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

இனி சாப்பாடு. மசால் தோசை சொன்னா உள்ள மஞ்சளா உருளைக்கிழங்கு வரும்னு நெனைக்காதீங்க, பிச்சதும் கருஞ்சிவப்பா பீட்ரூட் மசாலா எட்டிப் பாக்கும். லேசா இனிக்கும், மொத தடவை சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாத்தான் இருக்கும், ரெண்டாவது வாய்க்குப் பழகிரும். கட்லெட்டும் அதே செவப்புதான், மேல மொறுமொறுன்னு ரஸ்க் தூள், உள்ள மெத்துன்னு, கூட வெங்காயமும் தக்காளி சாஸும். கட்லெட்டுக்கு நான் தயங்காம அஞ்சுக்கு அஞ்சு போடுவேன். சாம்பார் கேரளா ஸ்டைல், நம்ம ஊரு டிபன் சாம்பார மனசுல வச்சிட்டுப் போகாதீங்க. காபி வெள்ளை பீங்கான் கப்புல வரும், டம்ளர் டவரா கிடையாது, நுரை ஆத்துற வேலையும் கிடையாது, ஆனா வாசனை நல்லா இருக்கும். ரெண்டு பேரு வயிறு நிறைய டிபன், ஆளுக்கு ரெண்டு காபி, எல்லாம் சேத்து 300 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு, ஸ்டேஷனுக்கு எதிர்ல இந்த மாதிரி ஒரு எடத்துல இந்த விலைக்கு உக்காந்து சாப்பிட முடியுறதே பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது.

சர்வீஸ் பத்தி நெறைய பேரு கேப்பாங்க. வெள்ளை யூனிஃபார்ம், இடுப்புல பட்டை பெல்ட்டு, தலைல விசிறி மாதிரி விரிச்சு வச்ச கஞ்சி போட்ட தலப்பா. வெள்ளைக்காரன் காலத்து உடுப்பு அது, அன்னைக்கு அத மாட்டிட்டு நின்னவங்க கூலிக்கு நின்னாங்க. இன்னைக்கு அதே உடுப்புல வந்து உங்ககிட்ட "எந்து வேணும்"ன்னு கேக்குறவரு இந்தக் கடைய நடத்துற சங்கத்துல பங்கு உள்ளவரு. அந்த வித்தியாசம் அவரு நடைலயே தெரியும். குழைய மாட்டாரு, விரட்டவும் மாட்டாரு, ஒரு காபிய வச்சிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாலும் பக்கத்துல வந்து நிக்க மாட்டாரு. காலேஜ் முடிச்ச புதுசுல நான் ஒரு பெரிய ஹோட்டல்ல பில்லிங்ல வேலை பாத்தேன், பேரு வேண்டாம், அங்க சப்ளையர் ஒருத்தரு கை தவறி ஒரு கிளாஸ உடைச்சா சம்பளத்துல பிடிப்பாங்க, அந்தப் பிடித்தம் கணக்க எழுதுறது என் வேலை. அதனால ஒரு கடைல சப்ளை பண்றவரு தோளு எப்படி இருக்குன்னு என்னையறியாம பாத்துருவேன். இங்க தோளு நேரா இருக்கு.

இதுக்குப் பின்னால உள்ள கதைய அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்புறம் நானே தேடிப் படிச்சேன். காபி ஹவுஸ் ஆரம்பிச்சது தொழிலாளிங்க இல்ல. 1936ல பம்பாய்ல மொத கடை, இந்தியக் காபிய விளம்பரப்படுத்துறதுக்காக காபி வாரியம் தரப்புல நடத்தினது, கொஞ்ச வருஷத்துல நாடு பூரா பரவிருச்சு. 1950கள் நடுவுல இனி இது வேண்டாம்னு வாரியம் கடைங்கள மூட ஆரம்பிச்சாங்க, சப்ளையர், சமையல்காரங்க எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்தாங்க. அப்பதான் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், ஏ.கே.ஜின்னு சொன்னாத்தான் கேரளாவுல தெரியும், அவங்ககிட்ட சொன்னாரு, வேற வேலை தேடி அலைய வேண்டாம், கடைய நீங்களே எடுத்து நடத்துங்கன்னு. 1957 ஆகஸ்ட் 19 பெங்களூர்ல மொத தொழிலாளர் கூட்டுறவு சங்கம், அக்டோபர் 27 டெல்லில மொத இந்தியன் காபி ஹவுஸ், கேரளாவுல மொத கடை 1958 மார்ச் 8 திருச்சூர்ல. இன்னைக்கு நாடு பூரா 13 சங்கம், கிட்டத்தட்ட 400 கடை. நிர்வாகக் கமிட்டிய வேலை பாக்குறவங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குறாங்க.

1957ங்கிற வருஷத்த கவனிச்சீங்களா, அந்த வருஷம் ஏப்ரல் 5தான் கேரளாவோட மொத கம்யூனிஸ்ட் மந்திரிசபை, ஈ.எம்.எஸ் தலைமைல பதவி ஏத்தது. ஏத்து ஒரு வாரம் ஆகுறதுக்குள்ள, ஏப்ரல் 11, குடியிருக்கிறவங்கள நிலத்த விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு அவசரச் சட்டம். 1959 ஜூலை 31 மத்திய அரசு அந்த மந்திரிசபைய அரசியல் சட்டம் 356வது பிரிவ வச்சு கலைச்சிருச்சு. ரெண்டு வருஷமும் சில மாசமும்தான் ஆட்சி. எங்க தாத்தாவுக்கு இதுல ஒரு தனி வருத்தம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1. அதுக்கு அப்புறம் அஞ்சே மாசத்துல அந்தப் பக்கம் இந்த ஆட்சி. தமிழ்நாட்டுக்கு வரணும்னு போராட்டத்துல நின்ன தாத்தா அதுக்காக ஒருநாளும் வருத்தப்படல, ஆனா கேரள எல்லை தாண்டி பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஜமீன் பூமியில குடிசை போட்டிருந்த அவரோட சித்தி வீட்டுக்காரங்களுக்கு 1970க்குப் பிறகு நிலச் சீர்திருத்தத்துல குடிகிடப்பு உரிமை, அதாவது குடிசை இருந்த எடத்துக்கு உரிமை கிடைச்சது, பஞ்சாயத்து எல்லைன்னா 10 சென்ட் வரைக்கும். தாத்தா கடைசி வரைக்கும் அடுத்தவன் தோப்புல ஓலைக் கூரைதான். கல்யாணம் காட்சிக்கு அந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் அந்தப் பத்து சென்ட்டுல நிக்குற தென்னைய தொட்டுத் தொட்டுப் பாப்பாராம். இடதுசாரி இயக்கம்னா எனக்கு மனசுல வர்றது கொடியோ மாநாடோ இல்ல, அந்தத் தென்னைதான்.

கடைக்குள்ள ஏ.கே.ஜி படம் மாட்டி இருக்கும், கேரளாவுல உள்ள காபி ஹவுஸ்ங்கள்ல இது வழக்கம். 1952ல நடந்த மொத பொதுத்தேர்தல்ல காங்கிரஸுக்கு அடுத்தபடியா லோக்சபாவுல அதிக சீட்டு வாங்கின கட்சி கம்யூனிஸ்ட் கட்சிதான், 16 பேரு, அவங்களுக்குத் தலைவரு இந்த மனுஷன். அதே வருஷம் பழைய சென்னை மாகாணச் சட்டசபைல 62 கம்யூனிஸ்ட்டுங்க. இன்னைக்குள்ள பசங்ககிட்ட இந்த நம்பர சொன்னா நம்ப மாட்டாங்க.

அன்னைக்கு எங்களுக்கு எதிர் மேசைல ஒரு பெரியவரு சிபிஎம்மோட (மார்க்சிஸ்ட் கட்சி) தேசாபிமானி பேப்பர விரிச்சு வச்சிருந்தாரு. அப்பா தலைய நீட்டிப் பாத்துட்டு பேச்சுக் கொடுத்தாரு, ரெண்டு பேரும் மலையாளமும் தமிழும் கலந்து ஆரம்பிச்சவங்கதான், காபி ஆறிப் போனதே தெரியல. கேரளாவுல 20 சீட்டு, காங்கிரஸ் கூட்டணி யுடிஎஃப் 18, இடதுசாரிக் கூட்டணி எல்டிஎஃப் 1, பிஜேபி 1. அந்த ஒண்ணு ஆலத்தூர். பிஜேபி ஜெயிச்சது திருச்சூர், காபி ஹவுஸ் கேரளாவுல மொதல்ல ஆரம்பிச்ச அதே ஊரு. அத பெரியவரு சொன்னப்ப குரல் இறங்கிப் போச்சு. அப்பா சொன்னாரு, "சேட்டா, 2004ல இதே 18 உங்க பக்கம் இருந்துச்சு". ஆமா, 2004ல 20க்கு 18 எல்டிஎஃப். அந்த வருஷம் எங்க நாகர்கோவில் தொகுதிலயும் சிபிஎம்தான், பெல்லார்மின் ஜெயிச்சாரு, அப்பா அன்னைக்கு டூட்டி முடிச்சு வந்து வீட்டு வாசல்ல வெடி போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தீவாளிக்குக் கூட அவரு வெடி வாங்க மாட்டாரு.

2004 தான் உச்சம். சிபிஎம் மட்டும் 43, சிபிஐ 10, ஃபார்வர்ட் பிளாக்கும் ஆர்எஸ்பியும் சேத்தா 59. காங்கிரஸ் கூட்டணி ஆட்சிக்கு மந்திரிசபைல சேராம வெளிய இருந்து ஆதரவு. 100 நாள் வேலைச் சட்டம் 2005, வன உரிமைச் சட்டம் 2006, இதெல்லாம் அந்தக் காலத்துல வந்தது, இடதுசாரிங்க பார்லிமென்ட்ல அந்த எண்ணிக்கைல இல்லாம இருந்திருந்தா இந்த வடிவத்துல வந்திருக்காதுன்னுதான் நான் நம்புறேன். எங்க தெருவுல 100 நாள் வேலைக்குப் போன பொம்பளைங்க இருக்காங்க, அவங்களுக்கு 2004ல யாரு எத்தன சீட்டுன்னு தெரியாது, வங்கிக் கணக்குல பணம் வந்தது தெரியும். அப்புறம் 2008 ஜூலைல அணுசக்தி ஒப்பந்தத்த எதுத்து ஆதரவ வாபஸ் வாங்குனாங்க. 2009ல சிபிஎம் 16, சிபிஐ 4. 2014ல 9, 1. 2019ல 3, 2. இப்படி இறங்கிட்டே போனத அப்பா விரல விட்டு எண்ணிச் சொன்னாரு, டிக்கெட் கட்டு எண்ணுற மாதிரியே.

பெரியவரு எல்லாத்துக்கும் மீடியா, பணம், மதம்னு காரணம் சொன்னாரு. அதுலயும் உண்மை இருக்கு. ஆனா வங்காளத்த பத்தி அப்பா விடல. 1977ல இருந்து 34 வருஷம் ஆட்சி, ஜோதிபாசு அதுல 23 வருஷம், நிலம் உழுதவன் பேர பதிவேட்டுல எழுதி வச்சு அவன யாரும் வெளியேத்த முடியாதபடி செஞ்சவங்க. அதே கட்சியோட போலீஸ் 2007 மார்ச் 14 நந்திகிராம்ல விவசாயிங்க மேல சுட்டு 14 பேரு செத்தாங்க. சிங்கூர்ல கார் ஃபேக்டரிக்கு நிலம் எடுக்கப் போய் அந்தக் கம்பெனியும் 2008ல கிளம்பிருச்சு. 2006ல 294க்கு 235 வாங்கின முன்னணி 2011ல 62, முதலமைச்சர் புத்ததேவ் அவரு தொகுதிலயே தோத்துட்டாரு, 2021ல சட்டசபைல ஒரு சீட்டு கூட இல்ல. "நிலத்த கொடுத்தப்ப வந்தவன், நிலத்த கேட்டப்ப போயிட்டான்"ன்னு அப்பா சொன்னாரு, பெரியவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, பேப்பர மடிச்சு வச்சிட்டாரு. எனக்கும் அதுதான் தோணுது. திரிபுரால 25 வருஷ ஆட்சி 2018ல போனதுக்கு வேற காரணங்கள் இருக்கலாம், ஆனா வங்காளத்துல தோத்தது எதிரிகிட்ட மட்டும் இல்ல, தன்னோட ஆளுங்ககிட்டயே.

கொல்கத்தாவுல காலேஜ் ஸ்ட்ரீட்லயும் ஒரு காபி ஹவுஸ் இருக்கு, ஆபீஸ் ட்ரெயினிங்குக்குப் போனப்ப நானும் போயிருக்கேன், அதுவும் தொழிலாளர் கூட்டுறவு சங்கம் நடத்துறதுதான். உயரமான கூரை, மேல ஒரு சுத்து பால்கனி, கீழ காதடைக்கிற சத்தம், ஒவ்வொரு மேசைலயும் யாராவது யாரயாவது மறுத்துப் பேசிட்டு இருந்தாங்க. 2021ல சட்டசபைல இடதுசாரிங்களுக்கு ஒரு சீட்டும் கிடைக்காத ஊருல, அவங்க சொன்ன யோசனைல வந்த கடை நிரம்பி வழியுது. தம்பானூர்லயும் அதேதான், அன்னைக்கு மழைல கூட எடத்துக்கு காத்து நின்னாங்க.

நம்ம ஊரு நிலவரமும் பேச்சுல வந்துச்சு. 2024ல லோக்சபாவுக்குப் போன இடதுசாரிங்க மொத்தம் 8 பேரு, சிபிஎம் 4, சிபிஐ 2, பீகார்ல இருந்து சிபிஐ (எம்எல்) கட்சி 2. அதுல பாதி, 4 பேரு, தமிழ்நாடு, மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம். பெரியவரு ஆச்சரியப்பட்டு "அப்போ இனி தமிழ்நாடாணோ கோட்டை"ன்னு கேட்டாரு. அப்பா உண்மையச் சொல்லிட்டாரு, கூட்டணி இல்லாம தனியா நின்னா இந்த நாலும் வராதுன்னு. ஆனா நாகப்பட்டினத்த அப்படி லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிங்க குடும்பம் 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்ச மண்ணு அது, அந்த ஊருல செங்கொடிங்கிறது எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் கட்டுற துணி இல்ல. எங்க மாவட்டத்துலயும் பூதப்பாண்டில பொறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பேர சொன்னா இன்னும் எந்திரிச்சு நிக்குற பெரியவங்க இருக்காங்க. அவங்க வீட்டுப் பிள்ளைங்க இல்ல, அதுதான் கவலை. முந்திரி ஃபேக்டரில, ரப்பர் தோட்டத்துல சங்கம் இருந்த எடத்துல எல்லாம் இப்ப காண்ட்ராக்ட், டெலிவரி வண்டி ஓட்டுற பையன்கிட்ட உனக்கு முதலாளி யாருன்னு கேட்டா ஃபோனக் காட்டுறான். கடைய மூடுனப்ப நீங்களே எடுத்து நடத்துங்கன்னு 1957ல சொன்ன மாதிரி இந்தப் பையன்கிட்ட சொல்றதுக்கு கட்சிங்க கைல என்ன இருக்குன்னு நான் கேட்டேன். பெரியவரு பதில் சொல்லல. எங்களுக்கு சப்ளை பண்ணின சேட்டன் தட்ட எடுத்துட்டே கேட்டுட்டு இருந்தவரு, "ஆப் உண்டாக்கான் ஞங்ஙள்க்கு அறியில்லா, பக்ஷே கமிட்டி உண்டாக்கான் அறியாம்"ன்னு சொன்னாரு, அதாவது ஃபோன்ல ஓடுற ஆப் செய்ய எங்களுக்குத் தெரியாது, ஆனா கமிட்டி போடத் தெரியும்னு. ரொம்ப யோசிச்சு சொன்ன மாதிரி இல்ல, சாதாரணமா சொல்லிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாரு. எனக்கு அன்னைக்கு பூரா அதுவே மனசுல ஓடிட்டு இருந்துச்சு, ஏன்னா சங்கம் கட்டுற அந்தக் கை வேலை தெரிஞ்ச ஆளுங்க குறைஞ்சிட்டே வர்றாங்க, அது சீட்டு குறையுறத விட பெரிய நஷ்டம்.

பில்ல அப்பாதான் கொடுத்தாரு, டிப்ஸ் வைக்கல. முன்னாடி எல்லாம் எனக்கு இது கூச்சமா இருக்கும். "கடைக்காரங்களுக்கு யாராவது டிப்ஸ் வைப்பாங்களா மக்ளே"ன்னு சொல்லிட்டு அந்த சேட்டனுக்கு கை கொடுத்துட்டு வந்தாரு, அவரும் ஈரக் கைய துடைச்சிட்டு கொடுத்தாரு.

போறவங்களுக்கு கடைசியா ரெண்டு விஷயம். காலைல ஸ்டேஷன்ல ட்ரெயின் வந்து கூட்டம் இறங்குற நேரத்த விட்டுட்டுப் போனா மேல் சுத்துல ஜன்னல் ஓட்டை பக்கம் எடம் கிடைக்கும். பாதி வயிறோட போங்க, தோசையும் கட்லெட்டும் ரெண்டையும் விடக் கூடாது. இறங்கி வர்றப்ப அப்பாக்கு முட்டு பிடிச்சிருச்சு, ஒவ்வொரு மேசையா பிடிச்சு பிடிச்சு நின்னு நின்னு வந்தாரு, வழில ரெண்டு பேரு அவங்களா எந்திரிச்சு வழி விட்டாங்க. கீழ வந்ததும் அம்மாவுக்கு நாலு கட்லெட் பார்சல் சொன்னோம். நாகர்கோவில் போய்ச் சேர்றப்ப ராத்திரி ஒம்போதரை, கட்லெட் ஆறிப் போய் பேப்பர்ல செவப்பு சாயம் ஒட்டி இருந்துச்சு, அம்மா அத சூடு பண்ண விடல, அப்படியே சாப்பிட்டாங்க.